அழிக்கிற டூலுக்கு ஒரு வரி விளக்கம் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஏஐ ஏஜென்ட்டிடம் (சொன்ன வேலையை, நாம் கொடுக்கிற டூல்கள் என்ற மென்பொருள் கருவிகளைத் தானே இயக்கிச் செய்கிற ஏஐ) அழிக்கும் வேலையைக் கொடுப்பது பற்றியவை நிறைய இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் பதிவுகளை அழிக்கும் ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்று இயக்கும் வழி) ஒன்று பல வருடமாக இருக்கிறது. இப்போது அதை ஏஜென்ட்டுக்கு ஒரு டூலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். விளக்கம் எழுதும் இடத்தில் "கொடுத்த ஐடி உள்ள ரெக்கார்டை அழிக்கும்" என்று எழுதினேன். டீம் லீட் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இத்தனை வருடம் மனிதர்களுக்கு இதே வரி போதுமானதாக இருந்ததே, ஏஜென்ட்டுக்கு மட்டும் ஏன் போதாது?
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: டீம் லீட் சொன்னது சரி. அந்த வரி மனிதர்களுக்கும் போதுமானதாக இருந்திருக்காது, மீதியை அவர்கள் வேறு இடத்திலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த ஏபிஐயைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்து "அண்ணா, கஸ்டமரை அழிச்சா பில்லும் சேர்ந்து போயிடுமா?" என்று கேட்டிருப்பார். போன தீபாவளி சமயத்தில் யாரோ தவறாக அழித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து மீட்ட கதை டீ குடிக்கும்போது காதில் விழுந்திருக்கும். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட்டும் இல்லை, டீக்கடையும் இல்லை. டூலின் பெயர், விளக்கம், என்ன மதிப்புகள் கொடுக்க வேண்டும் என்று சொல்கிற ஸ்கீமா, இந்த மூன்றைத் தவிர உங்கள் டூலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. உங்கள் டேட்டாபேஸில் எந்த டேபிள் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அது பார்க்காது, நீங்கள் எழுதியதை மட்டும்தான் பார்க்கும்.

அதனால் முதலில் எழுத வேண்டியது என்ன அழியும் என்பது. "ரெக்கார்டு" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளரை அழித்தால் அவரோடு இணைந்த வரிகளை என்ன செய்வது என்பதை டேபிள் அமைக்கும்போதே முடிவு செய்திருப்பார்கள்: கேஸ்கேட் என்று வைத்திருந்தால் எல்லாம் கூடவே போகும், செட் நல் என்று வைத்திருந்தால் அந்த வரிகள் இருக்கும் ஆனால் யாருடையவை என்ற இடம் காலியாகிவிடும், ரெஸ்ட்ரிக்ட் என்றால் இணைந்த வரிகள் இருக்கும்வரை அழிக்கவே விடாது. மூன்றும் மூன்று வேறு வேலைகள், ஆனால் உங்கள் ஒரு வரி விளக்கம் மூன்றுக்குமே பொருந்துகிறது. எழுத உட்காருவதற்கு முன் உங்கள் டேபிள்களைத் திறந்து எது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டீமில் இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, திரும்ப எடுக்க முடியுமா என்பது. முடியும் என்றால் எத்தனை நாளுக்குள், எந்த டூலால், யாரால். ஜிமெயிலில் ட்ராஷுக்குப் போனது 30 நாள் இருக்கும், அதுவும் "டெலிட்"தான். டேட்டாபேஸுக்கு உத்தரவு கொடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் டெலிட் ஓட்டி கமிட் செய்துவிட்டால் (மாற்றத்தை உறுதியாக்கிவிட்டால்) பேக்கப்பைத் தேடிப் போக வேண்டும், அதுவும் "டெலிட்"தான். உங்களுடையது ட்ராஷுக்குத் தள்ளுகிற வகை என்றால் டூலின் பெயரிலேயே அது தெரியட்டும். நிரந்தரமாக அழிக்கிற வகை என்றால் விளக்கத்தின் முதல் வரியில் "நிரந்தரமாக" என்ற சொல் வரட்டும், ஐந்தாவது வரியில் அல்ல.

மூன்றாவதை நிறைய பேர் எழுதுவதே இல்லை, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது: எப்போது இந்த டூலைப் பயன்படுத்தக் கூடாது, அதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும். அழிக்கச் சொல்லி வருகிற கோரிக்கைகளில் நிறைய உண்மையில் அழிக்கச் சொல்பவை அல்ல. "இவருக்கு இனி மெசேஜ் அனுப்பாதீங்க" என்பது நிலையை மாற்றுகிற வேலை. "தப்பா என்ட்ரி போட்டுட்டேன்" என்பது திருத்துகிற வேலை. "டூப்ளிகேட்டா இருக்கு" என்பது இரண்டையும் இணைக்கிற வேலை.

இந்த டூப்ளிகேட் விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம். ஒரு கிளினிக்கின் பதிவேட்டைச் சுத்தம் செய்ய உதவப் போயிருந்தேன். ஒரே போன் நம்பரில் இருக்கிற டூப்ளிகேட்டுகளை நீக்கச் சொல்லி ஏஜென்ட்டிடம் வேலை கொடுத்தோம், அழிக்கிற டூலின் விளக்கம் உங்களுடையதைப் போலவே ஒரு வரி. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள் இல்லையா, பாட்டி, அம்மா, இரண்டு குழந்தைகள் நான்கு பேருக்கும் அம்மாவின் நம்பர்தான். குழந்தைகள் இருவருக்கும் அப்பா பெயர்தான் இனிஷியல், அதனால் பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். தடுப்பூசிக் குறிப்புகளோடு குழந்தைகளின் பதிவுகள் போய்விட்டன. முந்தைய நாள் ராத்திரி எடுத்த பேக்கப் இருந்ததால் மீட்க முடிந்தது. அன்றைக்குக் காலையில் வந்து போனவர்களின் விவரங்களை மட்டும் சீட்டுகளைப் பார்த்து மறுபடி கையால் ஏற்றினோம். ஒரே நம்பரில் பல பேர் இருப்பது சகஜம் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஏஜென்ட்டுக்கு அது தெரிய வழியே இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்து உங்கள் விளக்கத்தை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"ஒரு வாடிக்கையாளரின் பதிவை நிரந்தரமாக அழிக்கும். ட்ராஷ் கிடையாது, இந்த டூல்களில் எதனாலும் திரும்ப எடுக்க முடியாது. அவருடைய முகவரிகள், குறிப்புகள், பேசிய வரலாறு எல்லாம் கூடவே அழியும். பில்கள் அழியாது, ஆனால் அவற்றில் வாடிக்கையாளர் பெயர் காலியாகிவிடும். ஒருவரைத் தொடர்புகொள்வதை நிறுத்த மட்டும் வேண்டும் என்றால் நிலையை மாற்றும் டூலைப் பயன்படுத்தவும். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இணைக்கும் டூலைப் பயன்படுத்தவும். ஒரே போன் நம்பரில் ஒரு குடும்பமே இருக்கலாம், அது டூப்ளிகேட்டுக்கு அடையாளம் அல்ல. ஐடியைப் பயனர் சொன்னதிலிருந்தோ தேடும் டூலின் விடையிலிருந்தோ மட்டும் எடுக்கவும். தேடலில் ஒன்றுக்கு மேல் வந்தால் அழிக்காமல் பயனரிடம் கேட்கவும்."

நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பிட்ட தவறைத் தடுக்கிறது, அப்படித் தடுக்காத வரி எதுவும் இதில் வேண்டாம். "இந்த டூல் மிகவும் சக்தி வாய்ந்தது, கவனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதினால் ஏஜென்ட்டுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. எதில் கவனம் என்று சொன்னால்தான் கவனமாக இருக்க முடியும்.

ஸ்கீமாவையும் விட்டுவிடாதீர்கள். "ஐடி" என்று மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தால் வாடிக்கையாளர் ஐடியா, ஆர்டர் ஐடியா என்று குழம்ப இடம் இருக்கிறது. இரண்டும் வெறும் எண்களாக இருந்தால், 4512 என்ற ஆர்டருக்குப் பதில் 4512 என்ற வாடிக்கையாளர் போய்விடுவார், எந்த எர்ரரும் வராது. "வாடிக்கையாளர் ஐடி" என்று முழுசாக எழுதுங்கள், முடிந்தால் ஐடிக்கு முன்னால் ஒரு எழுத்து அடையாளம் சேர்த்து, அது இல்லாத ஐடியை டூல் வாங்கவே வாங்காதபடி செய்துவிடுங்கள்.

கேள்வி: விளக்கத்தில் "பயனர் சம்மதம் இல்லாமல் அழிக்காதே" என்று எழுதிவிட்டால் ஏஜென்ட் கட்டாயம் கேட்டுவிட்டுத்தானே அழிக்கும்?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: பெரும்பாலும் கேட்கும். அந்தப் "பெரும்பாலும்" அழிக்கிற வேலைக்குப் போதாது.

2025 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். சாஸ்டர் என்ற அமைப்பை நடத்தும் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்ற தளத்தில் ஏஜென்ட்டிடம் பேசிப் பேசியே ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எந்த மாற்றமும் கூடாது என்று வேலையை நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. அனுமதி இல்லாமல் எதையும் தொடாதே என்று திரும்பத் திரும்ப எழுதியும் வைத்திருந்தார். ஏஜென்ட் புரொடக்‌ஷன் டேட்டாபேஸை, அதாவது நிஜத் தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸை, அழித்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்களும், கிட்டத்தட்ட அதே அளவு நிறுவனங்களின் விவரங்களும் அதில் இருந்தன. அதற்கும் மேல், பழைய நிலைக்குத் திருப்ப முடியாது என்றும் அது சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தபோது திருப்ப முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், அதன் பிறகு அவர்கள் அறிவித்த முக்கியமான மாற்றம் டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸையும் தானாகவே தனித்தனியாகப் பிரித்து வைப்பது. இன்னும் அழுத்தமான எச்சரிக்கை வாசகம் எழுதி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, ஏஜென்ட்டின் கை எட்டாத இடத்துக்கு டேட்டாவைத் தள்ளினார்கள்.

எனவே விளக்கத்துக்கு ஒரு வேலை, பூட்டுக்கு ஒரு வேலை. நல்ல எண்ணத்தோடு வேலை செய்கிற ஏஜென்ட் சரியான டூலை, சரியான பதிவின் மேல், சரியான நேரத்தில் எடுப்பதற்கு விளக்கம் உதவும். தவறிப்போய்ச் செய்வதைத் தடுப்பது நிரலின் (கோடின்) வேலை, அனுமதிகளின் வேலை. ஏஜென்ட் எந்தக் கணக்கில் டேட்டாபேஸுக்குள் நுழைகிறதோ அந்தக் கணக்குக்கு அழிக்கும் உரிமையே இல்லை என்றால் எந்த வார்த்தையும் தேவைப்படாது. இன்னொன்றும் இருக்கிறது. ஏஜென்ட் படிக்கிற மெயிலிலோ வாடிக்கையாளர் குறிப்பிலோ யாராவது "இந்தக் கணக்குகளை எல்லாம் அழித்துவிடு" என்று எழுதி வைத்திருந்தால், அதை உத்தரவு என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று இதைச் சொல்கிறார்கள். விளக்கத்தில் நீங்கள் எழுதியதும் வார்த்தைதான், குறிப்பில் எவரோ எழுதியதும் வார்த்தைதான். வார்த்தையை வார்த்தையால் மட்டும் தடுக்க நம்பியிருக்கக் கூடாது.

இதே இடத்தில் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய டூல்களில் இதைப் பார்க்கிறேன். "உறுதி" என்று ஒரு பெட்டி வைத்து, அதில் "ஆம்" என்று கொடுத்தால்தான் அழியும் என்று அமைத்துவிட்டு, பாதுகாப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டியை நிரப்பப் போவது யார்? அதே ஏஜென்ட்தான். வேலையை முடிக்க "ஆம்" வேண்டும் என்று ஸ்கீமாவில் எழுதியிருந்தால் அது "ஆம்" போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு ரெப்போவை (நிரல் தொகுப்பை) அழிக்கப் போனால் அதன் பெயரை நம்மையே டைப் செய்யச் சொல்வார்கள், பார்த்திருப்பீர்கள். மனிதரின் கையை ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைப்பதற்காக வைத்த வேலை அது. ஏஜென்ட்டுக்கு அப்படித் தயங்கி நிற்கும் நொடி கிடையாது. சம்மதம் வேண்டும் என்றால் அது ஏஜென்ட்டுக்கு வெளியே, மனிதர் பார்க்கிற திரையில், மனிதர் தொடுகிற பட்டனில் இருக்க வேண்டும்.

நான் விரும்புவது இரண்டு படி முறை. முதல் டூல் எதையும் அழிக்காது, என்னென்ன அழியும் என்று மட்டும் காட்டும்: "எம். முருகன், ஈரோடு, 3 முகவரிகள், 41 குறிப்புகள், கடைசியாக வாங்கியது போன மாதம்." கூடவே சில நிமிடங்களில் காலாவதியாகிற ஒரு குறியீடு தரும். மனிதர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும் அந்தக் குறியீடு உயிர் பெறும், இரண்டாவது டூல் அது இல்லாமல் வேலை செய்யாது. இதை விளக்கத்திலும் எழுதுங்கள், சர்வரிலும் கட்டாயமாக்குங்கள். விளக்கத்தில் எழுதாமல் சர்வரில் மட்டும் வைத்தால் ஏஜென்ட் நேராக இரண்டாவதை அழைத்து, எர்ரர் வாங்கி, வேறு வழி தேடிக்கொண்டு சுற்றும்.

கேள்வி: எம்சிபியில் "இது அழிக்கும் டூல்" என்று குறிப்பதற்கு ஒரு அடையாளம் இருக்கிறதே, அதை வைத்துவிட்டால் விளக்கத்தில் இவ்வளவு எழுத வேண்டுமா?
– திருச்சி வாசகர்

பதில்: தெரியாதவர்களுக்காக: எம்சிபி என்பது ஏஜென்ட்டுகளையும் டூல்களையும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொதுவான ஒரு முறை. அதன் 2025 மார்ச் பதிப்பில் ஒவ்வொரு டூலுக்கும் சில அடையாளங்கள் வைக்க இடம் கொடுத்தார்கள்: படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கக்கூடியதா, திரும்ப அழைத்தால் கூடுதல் விளைவு இல்லையா, வெளி உலகத்தோடு பேசுமா. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் டூல் எழுதக்கூடியது, அழிக்கக்கூடியது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. சொல்லாததை ஆபத்து என்றே வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

ஆனால் அந்த அடையாளங்களின் பெயரிலேயே "ஹின்ட்" என்று இருக்கிறது. நம்பகமான சர்வரிலிருந்து வராவிட்டால் இவற்றை நம்பக் கூடாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. அதோடு, இவை பெரும்பாலும் ஏஜென்ட்டை இயக்குகிற செயலிக்குப் பயன்படுபவை, மனிதரிடம் அனுமதிப் பெட்டி காட்டுவதா வேண்டாமா என்று அது இதை வைத்து முடிவு செய்யலாம். பில்லில் பெயர் காலியாகிவிடும் என்ற விஷயத்தை எந்த அடையாளத்தாலும் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏஜென்ட் சில நேரம் ஒரே பதிவை இரண்டு முறை அழிக்க முயல்கிறது. இரண்டாவது முறை "404" என்று வருகிறது, உடனே அது பெயரை வைத்துத் தேடி இன்னொரு பதிவை அழிக்கப் போகிறது! நல்லவேளையாக டெஸ்ட் டேட்டாபேஸில் இருந்தோம்.
– டெவலப்பர், மதுரை

பதில்: டெஸ்ட்டிலேயே பிடித்தது பெரிய விஷயம். இது ஏஜென்ட்டின் புத்தியில் உள்ள கோளாறு என்பதைவிட உங்கள் எர்ரர் வாசகத்தின் கோளாறு. விளக்கம் என்று நாம் நினைப்பது டூலின் தலையில் எழுதியதை மட்டும். ஏஜென்ட்டுக்கோ டூல் திருப்பிக் கொடுக்கிற ஒவ்வொரு வார்த்தையும் விளக்கம்தான், அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்துதான் முடிவு செய்கிறது.

நெட்வொர்க் நடுவில் துண்டித்திருக்கும், முதல் முறை அழிந்த செய்தி போய்ச் சேர்ந்திருக்காது, அதனால் மறுபடி முயன்றிருக்கும். அது நியாயமான நடத்தைதான். இணையத்தில் செயலிகள் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் விதிகளிலேயே டெலிட் என்பது ஒரு முறை அழைத்தாலும் பத்து முறை அழைத்தாலும் சர்வரில் ஒரே விளைவு ஏற்படுத்துகிற செயலாகத்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பதில் எண் மாறலாம், முதல் முறை 204 (முடிந்தது), அடுத்த முறை 404 (கிடைக்கவில்லை), அதில் தவறில்லை. ஆனால் "கிடைக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வேலையில் முனைப்பாக இருக்கிற ஒரு ஏஜென்ட் எப்படிப் படிக்கும்? "நான் தவறான ஐடி கொடுத்துவிட்டேன் போல, சரியானதைத் தேடுவோம்" என்று படிக்கும். நீங்கள் சொன்னபடி அப்படியே நடந்திருக்கிறது.

அதனால் இப்படி மாற்றிப் பாருங்கள்: "வாடிக்கையாளர் 4512 ஏற்கனவே அழிக்கப்பட்டுவிட்டது, இன்று காலை 10.42, இதே வேலையின்போது. மேலே எதுவும் செய்ய வேண்டியதில்லை." உண்மையிலேயே அப்படி ஒரு ஐடி இருந்ததே இல்லை என்றால் அது வேறு செய்தி: "இந்த ஐடியில் எந்தப் பதிவும் இருந்ததில்லை. பெயரை வைத்து வேறு பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பயனரிடம் ஐடியைச் சரிபார்க்கவும்." அழிந்ததற்கு ஒரு தடயம் வைத்திருந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும், ஐடியும் நேரமும் மட்டும் இருக்கிற சின்ன டேபிள் ஒன்று போதும்.

அழித்தது வெற்றி என்றாலும் வெறும் "சரி" என்று திருப்பாதீர்கள். எது அழிந்தது, கூட எத்தனை வரிகள் போயின, எந்த டேட்டாபேஸில் என்று சொல்லட்டும். கடைசியாகச் சொன்னது ஏன் என்று கேட்டால், 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப்பைப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கண்டுபிடித்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் ஓடாமல் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது, தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர் அனுபவம் உள்ள மனிதர், பின்னிரவு வரை சோர்வோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் எழுதிய விரிவான அறிக்கையில், எந்த சர்வரில் இருக்கிறோம் என்று திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி செய்வதும் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஏஜென்ட்டுக்கு அந்தத் திரை உங்கள் டூல் தரும் பதில்தான்.

கேள்வி: டூல் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: எழுதலாம், இன்றைய பெரிய ஏஐ மாடல்கள் தமிழைப் படித்துப் புரிந்துகொள்கின்றன. ஒரே விஷயத்தைத் தமிழில் எழுதினால் டோக்கன் (மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணும் அலகு) கூடுதலாக ஆகும், ஒவ்வொரு அழைப்பிலும் அந்தச் செலவு சேரும், அதனால் பலர் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும் பயனரிடம் சம்மதம் கேட்கும் வாசகம் அவர் மொழியில் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என்ன அழியப் போகிறது என்று புரியாமல் பட்டனைத் தொடுவது சம்மதம் ஆகாது.

ஆனால் உங்கள் கேள்வியில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, தமிழாசிரியர் என்பதால் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நம் ஆட்கள் அழிக்கச் சொல்லும்போது "அழி" என்று சொல்வதே இல்லை! "அந்த பில்லை எடுத்துடு" என்கிறார்கள். அதற்கு நீக்கிவிடு என்றும் பொருள், வெளியே எடுத்து வை என்றும் பொருள். "தூக்கிடு" என்றால் பட்டியலிலிருந்து தூக்குவதா, டேட்டாபேஸிலிருந்தே தூக்குவதா? "கேன்சல் பண்ணிடு" என்றால் ஆர்டரின் நிலையை மாற்றச் சொல்கிறார், பதிவை அழிக்கச் சொல்லவில்லை. "க்ளியர் பண்ணு" என்றால் கடை பாஷையில் பாக்கியைத் தீர்ப்பது. "முடிச்சு விடு" என்பதை நினைத்துப் பாருங்கள். நேரில் பேசினால் முகத்தையும் சூழ்நிலையையும் வைத்துப் புரிந்துகொள்வோம், சாட்டில் நான்கு சொல் மட்டும் வருகிறது. தமிழ்ப் பயனர்களுக்கான டூல் என்றால் விளக்கத்தில் இதற்கென்றே இரண்டு வரி வையுங்கள்: எடுத்துடு, தூக்கிடு, கேன்சல், க்ளியர் போன்ற சொற்கள் மட்டும் வந்தால் அழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எது வேண்டும் என்று கேட்கவும். ஆங்கிலத்தில் எழுதுகிற டெவலப்பருக்கு இது தோன்றாது. உங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் வரும்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இடம் அடைகிறது என்று பழைய பில் பதிவுகளை ஏஜென்ட்டை வைத்து அழிக்கலாம் என்கிறார்கள்.
– திருப்பூர் வாசகி

பதில்: வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் 2013 கம்பெனிகள் சட்டப்படி 8 நிதியாண்டுகள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் எடிட் லாக் இருக்க வேண்டும், அதை நிறுத்தி வைக்கவும் கூடாது. வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் வைத்திருக்க வேண்டிய காலம் இன்னும் நீளும்.

டூல் எழுதுகிறவர்களுக்கு இதில் இருக்கிற வேலை: இந்தக் கால அளவை விளக்கத்தில் எழுதி ஏஜென்ட்டைக் கழித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். பதிவின் தேதியைப் பார்த்து சர்வரே மறுக்கட்டும், மறுக்கும்போது காரணத்தையும் எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம் என்பதையும் சொல்லட்டும். விளக்கத்தில் "காலம் முடியாத பில்களை இந்த டூல் அழிக்காது, சுற்றி வேறு வழி தேட வேண்டாம்" என்று ஒரு வரி போதும். இன்னொரு பக்கம், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தன் விவரங்களை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை மக்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது, வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர. அப்படி ஒரு கோரிக்கை வந்தால் எதை அழிப்பது எதை வைப்பது என்று மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள். இடம் அடைகிறது என்பதற்கு வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: ஐயாயிரம் பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்க நேரமாகிறது. ஒரே அழைப்பில் நிபந்தனை கொடுத்து மொத்தமாக அழிக்கும் டூல் கொடுக்கலாமா?
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: என் பதில், நிபந்தனை கொடுக்கிற டூல் வேண்டாம், ஐடி பட்டியல் கொடுக்கிற டூல் சரி, அதிலும் ஒரு அழைப்புக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வையுங்கள். நிபந்தனையில் ஒரு சின்னப் பிழை போதும், அல்லது நிபந்தனை காலியாக வந்தால் போதும். எஸ்க்யூஎல்லில் எந்த வரிகள் என்று சொல்கிற நிபந்தனை (WHERE) இல்லாமல் டெலிட் எழுதினால் முழு டேபிளும் போய்விடும் என்பதை எத்தனையோ பேர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் மைஎஸ்க்யூஎல்லில் சேஃப் அப்டேட்ஸ் என்று ஒரு வசதியே வைத்தார்கள், அதைப் போட்டிருந்தால் கீ நெடுவரிசையை வைத்த நிபந்தனையோ, எத்தனை வரி என்ற லிமிட்டோ இல்லாத டெலிட்டை அது மறுத்துவிடும். உங்கள் டூலும் அப்படி மறுக்கட்டும். ஐயாயிரம் போக வேண்டும் என்றால் ஐம்பது ஐம்பதாகப் போகட்டும், முதல் ஐம்பதுக்குப் பிறகு மனிதர் ஒருவர் திறந்து பார்க்கட்டும்.

கேள்வி: விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மென்பொருள் சோதனையாளர், சேலம்

பதில்: ஓட்டிப் பார்த்துத்தான். உண்மையான டேட்டாவின் நகலில் பெயர்களையும் எண்களையும் மாற்றி ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ் வையுங்கள். வேண்டுமென்றே ஒரே பெயரில் மூன்று பேர், ஒரே நம்பரில் ஒரு குடும்பம், இனிஷியல் முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் எழுதிய ஒரே ஆள், ஏற்கனவே அழிந்த ஒரு ஐடி, குறிப்பில் "எல்லாவற்றையும் அழி" என்று எழுதப்பட்ட ஒரு பதிவு, எல்லாம் அதில் போடுங்கள். பிறகு அரைகுறையான கோரிக்கைகளை, மக்கள் உண்மையில் டைப் செய்கிற மாதிரியே, கொடுங்கள்: "முருகன் என்ட்ரியை எடுத்துடுங்க", "பழசெல்லாம் க்ளீன் பண்ணு", "அந்த ரெண்டாவதை வேண்டாம்". ஒவ்வொன்றையும் ஒரு முறை அல்ல, இருபது முப்பது முறை ஓட்டுங்கள், ஏனென்றால் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி நடக்காது.

எத்தனை முறை சரியாக அழித்தது என்று எண்ணுவதோடு, அழிக்கக் கூடாத இடத்தில் எத்தனை முறை நின்று கேட்டது என்றும் எண்ணுங்கள். தவறு செய்தால் அது எந்த வரியைப் படித்து அப்படி முடிவு செய்தது என்று பாருங்கள், அந்த வரியை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மாடலை மாற்றினாலோ புதிய பதிப்பு வந்தாலோ திரும்ப ஓட்டுங்கள். விளக்கத்தைக் கோடு வைத்திருக்கும் அதே இடத்தில் வைத்து, யார் எப்போது எந்த வரியை ஏன் மாற்றினார்கள் என்பதும் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் நாங்கள் பின்னால் சேர்த்த "ஒரே நம்பரில் குடும்பமே இருக்கலாம்" என்ற வரிக்குப் பக்கத்தில் அன்றைய தேதியும் காரணமும் இருக்கின்றன. நீளம் குறைக்கிறேன் என்று யாராவது அதை நீக்கப் போனால், முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் நீக்க வேண்டியிருக்கும்.